மாயாவியின் அப்புக்காத்து

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் ஒரு அப்புக்காத்து இருப்பார். கறுப்புக் கோட்டுக்காரரைச் சொல்லவில்லை. சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமலே வாசிகசாலை வாங்கில் குந்தியிருந்து, எல்லைக் கதியாலில் தொடங்கி ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் வழக்காடுகிறவரைச் சொல்கிறேன். நீர்வேலியில் இப்படிப் பலர். அவர்களுள் ஒரு ரகம் மட்டும் காணி, வேலி, அரசியல் எதையும் தொடாது. அந்த ரகத்துக்கு ஒரேயொரு வழக்குத்தான்: மாயாவிக்கு ஏன் வயது போகவில்லை?

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதை ஒட்டியிருக்கும்; பென்சன் எடுத்த புதுசு. தலைமயிர் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்தக் கறுப்பு தலையோடு நிற்காமல் காது மடலிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சாரம், கைமடித்த சேட்டு, லுமாலா சைக்கிள். சைக்கிள் கரியரில் சொப்பிங் பையால் சுற்றிக் கட்டிய ஒரு கட்டு. காணி உறுதியாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும்.

அந்தக் கட்டை அவர் அவிழ்க்கிற முறையைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். முதலில் வடை எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைப்பார். திருப்தி வராது. எழும்பிப் போய்க் குழாயடியில் கழுவிக்கொண்டு வருவார். புத்தகத்தை முழுதாக விரிக்கமாட்டார். பாதிக் கதவு திறந்தமாதிரி விரித்து, தலையைச் சரித்துத்தான் பார்ப்பார். துருப்பிடித்த கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்திருப்பார். தாளை மூக்கில் பிடித்தால் ஜாம்போத்தல் விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகை இன்னும் மணக்கும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத இரவுகளில் படித்த புத்தகங்கள் அவை.

அவருடைய கொள்கை விசித்திரமானது. கரண்ட் அடித்தால் ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சிலந்தி கடித்த பெடியன் சுவரில் ஏறுவதும் சரிதான். "அது விஞ்ஞானம்" என்பார். ஆனால் 1936இல் வேலைக்கு வந்த ஆள் இன்னும் பென்சனுக்குப் போகவில்லை என்றால் விடமாட்டார். "இது கணக்கு."

வழக்கு தொடங்குமுன் ஒரு பூர்வாங்க ஆட்சேபனை எப்போதும் உண்டு: "எந்த மாயாவி?" 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழோடு தமிழுக்கு வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' இதழில் 1962இல் பிறந்தவர். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். மற்றவர் முகமூடி மாயாவி. லீ ஃபோக் என்ற அமெரிக்கர் 1936 பெப்ரவரியில் பத்திரிகைத் தொடராகத் தொடங்கியவர். இந்திரஜால் காமிக்ஸ் பார்த்த மூத்த ஆட்கள் அவரை வேதாளன் என்பார்கள். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு அவர் மாயாவி.

இரும்புக்கையரின் வழக்கு நீர்வேலியில் ஒரு பின்னேரத்திலேயே தள்ளுபடியாகிவிட்டது.

"அந்தாள் தொண்ணூறிலை இஞ்சை வந்திருந்தா மறைஞ்சிருக்கவே ஏலாது. கரண்டுக்கு எங்கை போறது?"

"சைக்கிள் டைனமோவிலை பாட்டுக் கேட்டனாங்கள்தானே. அதிலை குடுத்திருக்கலாம்."

"டைனமோக் கரண்டுக்கு முழங்கால் வரைக்கும்தான் மறைஞ்சிருப்பார். உதெல்லாம் ஒரு கதையே!"

ஆகவே எஞ்சியது முகமூடி மாயாவியின் வழக்கு. அப்புக்காத்துக்குக் குரல் உயர்வது இங்கேதான். 1536இல் கடற்கொள்ளைக்காரர் கப்பலைத் தாக்கித் தகப்பனைக் கொல்ல, கரையொதுங்கிய மகன் அந்தக் கொலைகாரனின் மண்டையோட்டில் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். அவன்தான் முதல் மாயாவி. அவன் இறந்ததும் அவன் மகன் அதே உடுப்பையும் முகமூடியையும் போட்டுக்கொள்கிறான். பிறகு அவன் மகன். காட்டுச் சனத்துக்கு நானூறு வருஷமாக ஒரே ஆள்தான் உலாவுகிறார். நாங்கள் படிக்கிறவர் இருபத்தோராவது ஆள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார அண்ணை ஒருவர் பிளேன்ரீக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "இதிலை என்ன மாயம்? வாழையடி வாழை. தாய் மரம் குலை தள்ளினா வெட்டுறம், பக்கத்துக் குட்டி எழும்புது. பருத்தித்துறை வீதியாலை பஸ்ஸிலை போறவனுக்கு எப்பவும் அதே தோட்டம்தான்."

நீர்வேலிச் செம்மண்ணில் நின்று இதைவிடத் தெளிவாக லீ ஃபோக்கின் கதையை ஒருவர் விளக்கமுடியாது. வாசிகசாலை முழுவதும் தலையாட்டியது. வேறு யாராவது என்றால் வழக்கை அத்தோடு முடித்திருப்பார்கள். எங்கள் ஆள் சேட்டுப் பையில் இருந்து பேனையை எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. ஆனா கணக்கைப் பாருங்கோ. 1536இலை இருந்து 1936 மட்டும் நானூறு வருஷம். அதுக்குள்ளை இருபது மாயாவி. ஆளுக்கு இருபது வருஷம் சேர்விஸ். சரிதானே? 36இலை இருபத்தோராவது ஆள் வந்தார். இண்டைக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷம். இந்த ஒரு வாழை மட்டும் ஏன் வெட்டாமல் நிக்குது?"

தோட்டக்கார அண்ணை கோப்பையைத் திரும்ப எடுத்தார். தொண்ணூறு வருஷம் நிற்கிற வாழையை அவர் கண்டதில்லை.

உண்மையிலேயே இது நல்ல கேள்வி. சாகாத வீரன் என்ற கதைக்கு, அவன் சாகிறான், மகன் வருகிறான் என்று இவ்வளவு அழகாகக் காரணம் கண்டுபிடித்தவர் லீ ஃபோக். அந்தக் காரணத்தை அவரே பிறகு பாவிக்கவில்லை. 1977இல் மாயாவிக்கும் டயானாவுக்கும் கலியாணம் செய்துவைத்தார். 1979இல் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பெடியனும் ஒரு பெட்டையும். நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளைகள் படிக்கிற வயதில்தான் நின்றார்கள். எழுதினவருக்கு வயது போய் 1999இல் கண்ணை மூடினார். எழுதப்பட்டவர் அடுத்த நாளும் வேலைக்கு வந்தார்.

"வருஷா வருஷம் உயிரோடை இருக்கிறன் எண்டு விதானையாரிட்டைக் கையெழுத்து வாங்கித்தான் எனக்குப் பென்சன்," என்று அப்புக்காத்து பெருமூச்சு விட்டார். "அவருக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"

எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு ருசிக்காது. எதிர்த்தரப்பு ஸ்காபரோவில் இருந்து கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு வந்தது. அப்புக்காத்தின் தமக்கையின் மகன். அவனுக்கு மாயாவியைத் தெரியாது. ஸ்பைடர்மானையும் அயன்மானையும் தெரியும்.

"மாமா, ஸ்பைடர்மான் 1962இலை வரேக்கை பதினைஞ்சு வயசு. இப்பவும் முப்பது தாண்டேல்லை. ஏனெண்டா அந்தக் கொம்பனி எப்பவும் எல்லாம் கடைசிப் பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்குள்ளை நடந்ததெண்டுதான் வைச்சிருக்கும். வருஷம் போகப் போக, தொடக்கமும் பின்னாலை இழுபட்டு வரும்."

"அப்ப பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அடிக்கடி மாத்தி எழுதுகினம். கச்சேரியிலை இதுக்குப் பேர் கள்ள உறுதி."

"அயன்மானைப் பாருங்கோ. 1963இலை வியட்நாம் யுத்தத்திலை பிடிபட்டவர். அது பழசாப் போச்சுதெண்டு பிறகு ஆப்கானிஸ்தான். அதுவும் பழசாப் போகுமெண்டு 2019இலை சியன்கொங் எண்டு உலகத்திலையே இல்லாத ஒரு நாட்டிலை ஒரு யுத்தத்தை உண்டாக்கிப் போட்டினம். இனி அது எப்பவும் பழசாகாது."

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "யுத்தம் வேணுமெண்டா எங்களிட்டைக் கேட்டிருக்கலாமே தம்பி. சும்மாதானே கிடக்குது."

அன்றைக்கு அந்த வாங்கில் அதைவிடப் பெரிய சிரிப்பு எழும்பவில்லை.

இளைப்பாறிய மாஸ்ரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் புராணத்துக்குப் போனார். "மார்க்கண்டேயருக்கும் வயசு பதினாறிலை நிண்டுது. ஆனா நிப்பாட்டினது சிவபெருமான். காலனை உதைச்சு நிப்பாட்டினவர். எங்களிட்டைக் காரணம் இருக்கு, சாட்சி இருக்கு. உங்கடை ஆளுக்கு நிப்பாட்டினது ஆர்?"

"பத்திரிகை முதலாளிதான், வேறை ஆர்?" என்றார் சந்தியில் கடை வைத்திருப்பவர். "கிழவன் குதிரையிலை போற படத்தை ஆர் காசு குடுத்து வாங்குவான்? யாவாரம் படுக்கக்கூடாதெண்டா மாயாவி படுக்கக்கூடாது."

வழக்குக்கு முழுத் தீர்ப்பு இது. ஆனால் அப்புக்காத்து முகத்தைச் சுளித்தார். காரணம் பிழை என்பதற்காக அல்ல. இவ்வளவு லேசான காரணம் என்றால் நாளைக்கு எதைக் கதைப்பது? கதைக்குள் நடந்ததற்குக் கதைக்குள்தான் காரணம் இருக்கவேண்டும், கல்லாப்பெட்டிக்குள் தேடக்கூடாது என்பது அவருடைய நீதிமன்ற விதி.

இத்தாலியப் பேராசிரியர் உம்பேர்ட்டோ எக்கோவும் 1962இல் இதே வழக்கைக் கையிலெடுத்தவர். அவருடைய கட்சிக்காரர் சுப்பர்மான். அவர் வாதம் ஏறக்குறைய இப்படிப் போகும்: ஒருவன் உண்மையாக ஏதாவது செய்தால் அவன் ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. கலியாணம் கட்டினால் சாவை நோக்கி ஒரு அடி வைத்ததாகிறது. அதனால் ஒவ்வொரு கதையும் முந்திய கதை நடக்காததுபோலத் தொடங்கவேண்டியிருக்கிறது. அப்புக்காத்திடம் இதைச் சொன்னபோது, "கலியாணம் பற்றிச் சொன்னது சரி" என்று மட்டும் ஏற்றுக்கொண்டார்.

வீட்டில் அவருடைய செல்வாக்கு வேறு மாதிரி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, கைதடிப் பக்கம் போன சன நெரிசலுக்குள் இவர் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது உடுப்புப் பை என்றுதான் மனைவி நினைத்திருந்தார். தென்மராட்சியில் அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே முப்பத்திச் சொச்சம் மாயாவிகள். மாற்றுச் சேலை நீர்வேலியிலேயே நின்றுவிட்டது. அந்த வழக்கில் தீர்ப்பு அன்றைக்கே சொல்லப்பட்டது. மேன்முறையீட்டுக்கு இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை.

அந்த அம்மாதான் ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இஞ்சருங்கோப்பா, உங்கடை மாயாவிக்கு ஒரு மனிசி இருக்கிறாவாமே. அவவுக்கும் வயசு போகேல்லையோ?"

"இல்லை. அவவும் அப்பிடியேதான்."

"நாற்பது வருஷத்துக்கு மேலை குடும்பம் நடத்தி, ரெண்டு பிள்ளையையும் வளத்து, அந்தாளின்ரை உடுப்பையும் தோய்ச்சு? அப்ப மாயம் அவவிட்டைத்தான் இருக்கு. அதை ஏன் ஒருதரும் ஆராயேல்லை?"

டயானாவுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் வேலை என்றும், அவர்கள் குடியிருக்கிற குகையில் வேலைக்கு ஆட்கள் இருப்பார்கள் என்றும் இவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அந்தக் கோவை வாசிகசாலைக்குக் கொண்டுபோகப்படவும் இல்லை.

அவருடைய சொந்த வயதைக் கேட்டுப் பாருங்கள், கணக்கு உடனே தளர்ந்துவிடும். "அது... இந்தியன் ஆமி வரேக்கை நான் சின்னப் பெடியன்" என்பார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். இலங்கையில் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருஷம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அது வீட்டில் நிற்கிறது. தொண்ணூறு வருஷத்து ஆளை விடாமல் துரத்துகிறவர், தன் பக்கத்து அத்தாட்சிகளை மட்டும் இப்படி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். தலைக்குப் பூசுகிற மைப்பெட்டியும் அதே லாச்சிக்குள்தான்.

திருவிழா முடிந்து கனடாவுக்குப் போகமுதல் மருமகன் ஒரு தடித்த புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தான். ஃபிராங்க் மில்லர் 1986இல் எழுதி வரைந்த பாட்மான் கதை. இங்கிலீசுப் புத்தகம்தான், ஆனாலும் படத்தைப் பார்த்தாலே கதை விளங்கும். அதில் பாட்மானுக்கு வயது ஐம்பத்தைந்து. மயிர் நரைத்திருக்கிறது, மீசை வைத்திருக்கிறார், வேலையை விட்டுப் பத்து வருஷம். திரும்ப முகமூடி போட்டால் உடம்பெல்லாம் நோகிறது. நாற்பது வருஷமாக இவர் கேட்டுக்கொண்டிருந்த நியாயம், கணக்குப் பிசகாமல், அச்சில்.

அடுத்த நாள் காலையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் மாமா? வயசு போன ஹீரோ. நீங்கள் கேட்டதுதானே?"

"நான் ஏன் போகேல்லை எண்டுதானே கேட்டனான்," என்றார் அப்புக்காத்து. "போகச் சொல்லி ஆர் கேட்டது?"