நாய் பார்த்த வரன்

நேற்று ராத்திரியும் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன். ஹால்மார்க் சேனல்காரர்கள் 2009 முதல் கிறிஸ்துமஸுக்குக் ‘கவுன்ட்டவுன்’ போட்டு இறக்கிக்கொண்டிருக்கும் காதல் படங்களில் ஒன்று. நீங்களும் பார்ப்பவர்தான். ‘பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது’ என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

நியூயார்க்கில் வேலை பார்ப்பவள் லீவுக்குச் சொந்த ஊர் வருகிறாள். அவளுடைய நாய் சாக்லேட்டைத் தின்றுவிடுகிறது. சாக்லேட் நாய்க்கு விஷம், அதுவரை சரி. தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே டாக்டர் யார்? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்! கட்டம் போட்ட சட்டை, மூன்று நாள் தாடி. பண்டிகை நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் வேறு ஒரு நாய், பூனை கிடையாது. டோக்கன் இல்லை. கூடைக்குள்ளிருந்து சீறும் பூனை இல்லை. நாற்றமும் இல்லை. நாயைத் தடவிக்கொண்டே அவளைப் பார்க்கிறான். யோவ், நாயைப் பாரய்யா! நாய்க்குக் காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரை எங்கே வைப்பார்கள் என்று கால்நடை மருத்துவமனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இவன் கடைசிவரை தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் காதல் அங்கேயே முடிந்திருக்கும். ஃபீஸும் வாங்கவில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்து நாயைப் பார்க்கிறான், பிஸ்கட் சுடுகிறான், மரத்துக்கு விளக்கு கட்டுகிறான். படிப்புக்கு ஏற்ற வேலை ஒன்று செய்தானா? அந்த நாயும் அவ்வளவு நேரம் வாக்கிங் போகிறது, ஒரு கம்பத்தருகேயாவது காலைத் தூக்க வேண்டுமே! ஊஹூம். முத்தம் நெருங்கியதும் நாயையே காணோம்.

பனியைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்தப் படங்களில் பல கனடாவில், வான்கூவர் பக்கம், கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்து முடிப்பவை. பொய்ப்பனிக்கு நடுவே கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அதற்குள் இந்த டாக்டர் குறுக்கே வந்துவிட்டான். எனக்கும் பள்ளித்தோழர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்காகப் பேசாதவர் திடீரென்று வீடு தேடி வந்தார் என்றால், காபி ஆறுவதற்குள் மதுராந்தகத்துக்கு அப்பால் இரண்டு கிரவுண்டு நம் தலையில் கட்டப் பார்ப்பார்.

டோடி ஸ்மித் 1956-லேயே ‘நூற்றொரு டால்மேஷியன்கள்’ நாவலில் உண்மையை எழுதிவிட்டார். அந்த நாய்களை வளர்க்கும் வீட்டுக்காரம்மாவோடு ஒரே பள்ளியில் படித்தவள்தான் க்ரூயெல்லா. அவள் வந்தது நாய்க்குட்டிகளின் தோலை உரித்துக் கோட்டு தைக்க.

பழைய கிளாஸ்மேட் யாராவது கதவைத் தட்டினால், முதலில் நாயை உள்ளே கட்டுங்கள்.