ரிவ்யூவுக்கே ரிவ்யூ!

உறையூர் வாசகர்: ஐபிஎல்லில் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வேண்டுமா, வேண்டாமா? டீக்கடையில் தினமும் தகராறு.

தகராறு நிதானமாகவே நடக்கட்டும். ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் இந்த விதியை 2027 வரை நீட்டித்துவிட்டார்கள். 2023-இல் இது வருவதற்கு முன் பத்து வருடமாக ஐபிஎல்லின் உச்ச ஸ்கோர் 263. கெயில் 175 அடித்த ஆட்டம், ஞாபகமிருக்கும். 2024 என்ற ஒரே சீசனில் அதை நான்கு தடவை தாண்டினார்கள். ஹைதராபாத் 287 வரை போனது. இந்த விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் இன்னொரு பேட்ஸ்மேன் காத்திருக்கிறார் என்றால் முதல் ஓவரிலேயே சுற்றத்தானே தோன்றும்? பவுலர் பாவம். அதைவிடப் பாவம் ஆல்ரவுண்டர். வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே போன்றவர்களுக்குப் பந்து வீசவே வாய்ப்பில்லை என்று ரோகித் சர்மாவே 2024-இல் குறைப்பட்டார். அதே வருடம் சையது முஷ்டாக் அலி கோப்பையில் கிரிக்கெட் வாரியம் இந்த விதியைத் தூக்கிவிட்டது. ஐபிஎல்லில் மட்டும் கை வைக்கவில்லை. மெய்டன் ஓவருக்கு எந்த விளம்பரக்காரர் பணம் கொடுப்பார்? என் ஓட்டு: வேண்டாம்.

தில்லைநகர் கல்லூரி மாணவர்: உங்கள் காலத்து ஆட்கள் எந்தப் புது விதி வந்தாலும் எதிர்ப்பீர்கள், அப்படித்தானே?

இல்லை தம்பி. பந்து கையை விட்டுக் கிளம்புமுன் கிரீஸிலிருந்து நழுவும் நான்-ஸ்டிரைக்கரை ரன் அவுட் செய்வதற்கு என் முழு ஆதரவு உண்டு. 1947-இல் வினூ மன்கட் சிட்னியில் அதைச் செய்தார். அந்தத் தந்திரத்துக்கே அவர் பெயரை வைத்து ஏசினார்கள். 2019-இல் ஜெய்ப்பூரில் அஸ்வின் பட்லரை அப்படி அனுப்பியபோதும் அதே ஒப்பாரி. 2022 அக்டோபரில்தான் எம்சிசி அதை 'முறையற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' என்ற 38-இல் போட்டது. திருடனைப் பிடித்தவர் பெயரைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க முக்கால் நூற்றாண்டு!

பொன்மலை வாசகர்: விதி விவகாரத்தில் நம் திருச்சி அணி பேர் வாங்கியதுண்டா?

உண்டு. 2023 ஜூன், கோவையில் டிஎன்பிஎல் ஆட்டம். திண்டுக்கல் அணியின் அஸ்வின் பந்தில் திருச்சியின் ராஜ்குமாருக்கு அம்பயர் அவுட் கொடுத்தார். ராஜ்குமார் ரிவ்யூ கேட்டார். மூன்றாவது அம்பயர் பார்த்துவிட்டு 'நாட் அவுட்' என்றார். உடனே அஸ்வின் அந்த 'நாட் அவுட்'டுக்கு ஒரு ரிவ்யூ கேட்டார்! மறுபடி பார்த்தார்கள், மறுபடி நாட் அவுட். கோர்ட்டில்கூட அப்பீல் என்றால் வேறு ஜட்ஜ் வருவார்.

ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதி வாசகி: மெல்பர்னில் இருக்கும் என் மகன் ஃபோனில், 'ஃபுட்டி விதியை மாற்றிவிட்டார்கள்' என்று புலம்புகிறான். அங்கேயுமா?

அங்கேதான் ஜாஸ்தி, அம்மா. ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியக் கால்பந்து. 1859-இல் மெல்பர்னில் அந்த ஆட்டத்துக்கு விதி எழுதியவர்களில் ஒருவர் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர். குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்கள் சும்மா இருந்து உடம்பு கெடக் கூடாது என்பது அவர் கவலை. கோலைத் தவறவிட்டாலும், பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ஒரு புள்ளி கொடுக்கும் கருணை அந்த ஆட்டத்தில் உண்டு. விதியில்தான் நிம்மதி இல்லை. நம் இம்பாக்ட் பிளேயருக்கு அண்ணன் போல ஒரு மாற்று ஆட்டக்காரரை 2011-இல் கொண்டுவந்தார்கள், 2015-உடன் வழியனுப்பினார்கள், 2021-இல் காயத்துக்கு மட்டும் என்று கூப்பிட்டார்கள், 2023-இல் எதற்கும் சரி என்றார்கள், 2026-இல் மறுபடி டாட்டா. அதோடு, நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து எழுப்பி ஆட்டம் தொடங்கும் வழக்கமும் போய்விட்டது. இனி மேலே தூக்கிப் போடுவதுதான். பந்து கோணலாக எழும்புகிறதே என்பது நிர்வாகத்தின் கவலை. அந்தக் கோணலுக்காகத்தானே வருகிறோம் என்பது ரசிகர்களின் கேள்வி. ரசிகர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் ஆச்சரியப்படலாமா? ராமானுஜர் கோயில் நிர்வாகத்தைத் திருத்தியதைக் 'கோயிலொழுகு' சொல்கிறதே. மணியடித்துக் கைதட்டியா வரவேற்றிருப்பார்கள்?

தென்னூர் பள்ளி மாணவன்: எங்கள் தெருவில் மாடியில் பந்து விழுந்தால் அவுட். இது சரியா?

சரி. மாடிக்காரர் பந்தைத் திருப்பித் தருவதில்லை என்ற அனுபவத்தில் பிறந்த சட்டம் அது. ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரண்டு அணிக்கும் பேட்டிங் செய்வானே, 'ஜோக்கர்', அவனும் சரி. ஆடுபவனே எழுதி, ஆடுபவனே அனுபவிக்கிறான். ஆனால் பேட் கொண்டுவந்தவனுக்கு மட்டும் ஒன் பிட்ச் கேட்ச் செல்லாது என்று திருத்தம் வந்தால் உடனே எதிர்க்கவும்.

திருவெறும்பூர் வாசகர்: பக்கத்தில் பெரிய சூரியூரில் ஜல்லிக்கட்டு. அங்கே இந்த வம்பெல்லாம் இல்லை, பார்த்தீர்களா?

இல்லையா! 2014-இல் தடை, 2017-இல் மெரினா போராட்டம், புதுச் சட்டம், 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. ஒரு ஆட்டத்தின் விதிக்காக இவ்வளவு பேர் தெருவில் உட்கார்ந்தது வேறு எங்கே? திமிலை மட்டும்தான் பிடிக்கலாம்; வாலும் கொம்பும் கூடாது. பிடித்தது திமிலையா வாலையா என்று மைக்காரரும் மாட்டுக்காரரும் மல்லுக்கு நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ரிவ்யூ மட்டும் கிடையாது. கேட்டால், மாட்டைத் திரும்ப வாடிவாசலுக்குள் கூப்பிட்டு வர ஆள் வேண்டுமே.