பேக்கனுக்கு முன் எடுத்து வைத்த கிண்ணம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்கள் 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். பன்றிகள் 2 கோடிக்கு மேல். மக்காச்சோள விளைச்சலில் அந்த நாட்டிலேயே முதலிடம் அயோவாவுக்குத்தான். சோயாவிலும் அது முன்வரிசையில் நிற்கிறது. ஜூலை மாதம் காரில் போனால் சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் பயிர். அந்த விளைச்சலில் பெரும்பகுதி மனிதன் வாய்க்கு நேராகப் போவதில்லை. சோயாவை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு பன்றிக்கும் கோழிக்கும். மக்காச்சோளம் தீவனத்துக்கும், இப்போது எத்தனாலுக்கும்.

1980களின் நடுவில், கோவையில் வேளாண்மை படித்துவிட்டு மேற்படிப்புக்காக ஏம்ஸ் நகரத்திலுள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். என் ஆராய்ச்சி சோயாவில். கோடையில் காலை முழுவதும் சோதனை வயலில் செடியின் உயரம் அளப்போம், காய் எண்ணுவோம். மதியம் பக்கத்துச் சிற்றூரில் இருந்த ஒரு குடும்ப டைனருக்குக் குழுவாகச் சாப்பிடப் போவோம். நான் சைவம். காலையெல்லாம் எண்ணிய பயறு அந்த டைனரின் மெனுவில் எந்த வடிவத்திலும் கிடையாது.

அங்கே இருந்தவற்றைச் சொல்கிறேன். ரொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாகப் பன்றி இறைச்சியைத் தட்டிப் பொரித்து நடுவில் வைத்துத் தரும் டெண்டர்லாயின் சாண்ட்விச், அயோவாவின் பெருமை. மசித்த உருளைக்கிழங்கின் தலையில் மாட்டிறைச்சி கிரேவி ஊற்றியிருப்பார்கள். காய்கறி சூப்பின் அடிச்சாறு மாட்டெலும்பு. பீன்ஸ் பொரியல் மாதிரி ஒன்று உண்டு. அதில் பேக்கன் என்னும் பன்றி இறைச்சித் துண்டுகள். சாலட் மேசையில் துருவிய கேரட் மிதக்கும் ஆரஞ்சு நிற ஜெல்லி பளபளக்கும். அந்த ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பழ ‘பை’ (pie) எல்லாவற்றுக்கும் மேல்மாவு பன்றிக்கொழுப்பில் பிசைந்தது. எஞ்சியது வெளிறிய லெட்யூஸ் இலை, சுட்ட உருளைக்கிழங்கு, குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருக்கும் காபி.

பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர்கள் எல்லோரையும் ‘ஹனி’ என்றுதான் கூப்பிடுவார். நான் இலையையும் கிழங்கையும் மட்டும் வாங்குவதைக் கவனித்து, “ஹனி, நீ என்னதான் சாப்பிடுவாய், சொல்” என்று எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். சொன்னேன். பால், வெண்ணெய், சீஸ் சரி. இறைச்சியும் அதன் கொழுப்பும் சாறும் வேண்டாம். அவர் மதம் கேட்கவில்லை, உடல்நலமா என்று கேட்கவில்லை. உள்ளே போய்ச் சமையல்காரரிடம் பேசிவிட்டு வந்தார். சமையல்காரர் அவருடைய தம்பி.

அடுத்த வாரத்திலிருந்து எனக்கென்று தனியாக ஒரு சின்ன வாணலி ஆணியில் தொங்கியது. ஹாம்பர்கர் சுட்ட பெரிய இரும்புக்கல்லில் போடாமல், அந்த வாணலியில் வெண்ணெய் விட்டு, சீஸ் வைத்த ரொட்டியை வாட்டித் தருவார். பீன்ஸை வேகவைத்ததும், பேக்கன் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் எனக்கு எடுத்து வைத்துவிடுவார். விரதம் இருப்பவருக்கு வெங்காயம் சேர்க்குமுன் குழம்பில் கொஞ்சம் எடுத்து வைப்பார்களே, அதே வேலைதான். ஆகஸ்டில் அப்போதுதான் ஒடித்த இனிப்புச்சோளம் வரும். அந்த ருசியை வேறு எங்கும் நான் கண்டதில்லை. ஒரு நாள் நான் ஆப்பிள் பை கேட்டபோது, அந்த அம்மா குனிந்து, “இது உனக்கு ஆகாது, மாவில் பன்றிக்கொழுப்பு” என்றார். சொல்லாமல் விற்றிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

ஊரில் எங்கள் வீட்டுச் சைவத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதன் அடியில் சாதி இருந்தது. அயோவாவின் அந்த மேசையில் இரண்டும் இல்லை. என் சாப்பாட்டை அவர்கள் உயர்ந்ததாகவும் நினைக்கவில்லை, மட்டமாகவும் நினைக்கவில்லை. வயலில் வேலை செய்துவிட்டு ஒரு பிள்ளை பசியோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. சைவ உணவு சாப்பிடுகிறவருக்கு உலகம் தர வேண்டிய மரியாதை இந்த அளவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரிய அடுப்படிகள் அப்படி நடந்துகொள்ளவில்லை. மெக்டொனால்ட்ஸ் 1990-ல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு தொடர்ந்து சேர்க்கப்பட்டது என்பது பிறகு வெளியே வந்தது. 2001-ல் வழக்கு. மறு ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பதினொரு ஆண்டுகளும் அது சைவம் என்று நம்பித் தின்ற இந்தியர்கள் எத்தனை பேர்!

சில ஆண்டுகளுக்கு முன் ஏம்ஸுக்குத் திரும்பப் போனேன். அந்த டைனர் இல்லை. 1980களின் பண்ணைக் கடன் நெருக்கடியில் குடும்பப் பண்ணைகள் ஏலத்துக்குப் போனபோதே அந்தச் சிற்றூர்கள் மெலியத் தொடங்கிவிட்டன. இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சங்கிலி உணவகம். மெனுவில் பச்சை இலை அடையாளம்; அதன் அருகே தாவர பர்கர். நான் படித்த சோயா கடைசியில் தட்டுக்கு வந்துவிட்டது! சோயா வேரில் உள்ள ஹீம் புரதத்தை ஈஸ்ட் மூலம் தயாரித்து, சோயாப் புரதத்தோடு சேர்த்து, மாட்டிறைச்சியின் மணமும் சிவப்பும் வரும்படி செய்கிறார்கள். அறிவியலாக அது பெரிய சாதனை. இறைச்சியை விட நினைப்பவருக்கு உதவும். 2019-ல் பர்கர் கிங் அதை நாடு முழுவதும் விற்கத் தொடங்கியது. இறைச்சியின் ருசியையே அறியாத என் நாக்குக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. சுட்ட கல் தனியா என்று கேட்டேன். பரிமாறிய இளைஞனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்கவும் அவனுக்கு நேரமில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ஆள் பத்து மேசை பார்த்தான்.

மறுநாள் கிழக்கே மார்ஷல்டவுனுக்குப் போனேன். அங்கே பெரிய பன்றி இறைச்சி ஆலை இருக்கிறது. அதில் வெட்டும் வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் ஊரின் முகத்தையே மாற்றியிருக்கிறார்கள். 2006 டிசம்பர் 12 அன்று குடியேற்ற அதிகாரிகள் ஆறு மாநிலங்களில் இப்படிப்பட்ட ஆலைகளைச் சுற்றி வளைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்களே, அதில் இந்த ஊர் ஆலையும் ஒன்று. அத்தனைக்குப் பிறகும் இருந்து, கடை திறந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு குடும்பக் கடையில் நுழைந்தேன். இறைச்சி இல்லாமல் என்ன கிடைக்கும் என்றேன். கல்லாவில் இருந்த பெண் விரல் விட்டுச் சொன்னார்: “மசித்து வறுத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது, வேண்டாம். சோற்றில் கோழிச்சாறு, அதுவும் வேண்டாம். பானையில் வெறும் உப்பும் வெங்காயமும் போட்டு வெந்த பீன்ஸ் இருக்கிறது, தரட்டுமா?” தந்தார். பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, நீளமாகக் கிழித்து, மக்காச்சோள மணிகளும் சீஸும் சேர்த்து வதக்கியது ஒரு தட்டு. கூடவே சுடச்சுடச் சோள ரொட்டி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு அது. அப்படிச் செய்தால்தான் சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேரும். மெக்சிகோவின் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்ட முறை. பயறும் சோளமும்! அயோவா மண்ணில் விளையும் அதே இரண்டு வகைப் பயிர்கள், மனிதன் சாப்பிடும் சாப்பாடாக, நிறைவாக என் முன்னால் இருந்தன. அந்தப் பெண்ணின் கணவருக்கு ஆலையில்தான் வேலை. பன்றி வெட்டும் தொழில் கூட்டி வந்த குடும்பம் எனக்கு அங்கே ஆகச் சிறந்த சைவச் சாப்பாட்டைப் போட்டது.

சிகாகோவிலிருந்து ஓமாஹா பக்கம் இன்டர்ஸ்டேட் 80 வழியாக அயோவாவைக் கடந்து போகும் நம் குடும்பங்கள் இப்போது நிறைய. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, வழியிலுள்ள எந்தக் கடையிலும் கால் வைக்காமல் கடந்துவிடுகிறார்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு சிற்றூரில் இறங்குங்கள். மெக்சிகோக் குடும்பக் கடை பெரும்பாலும் இருக்கும். பீன்ஸில் கொழுப்பு உண்டா, சோற்றில் கோழிச்சாறு உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டு டிப்ஸைத் தாராளமாக வையுங்கள்.