சிரிப்புக்கும் ரேங்க் உண்டுலே

வாங்க லெப்டினன்ட் சார், திண்ணையில உக்காருங்க. பரங்கிமலையில பயிற்சிய முடிச்சு, தோள்ல ரெண்டு நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டு வந்து நிக்கீக. ஹவில்தாரா ரிட்டையர் ஆன தாத்தன் இனி உங்களுக்கு சல்யூட் அடிக்கணும். அடிச்சிருவோம். தோள்பட்டைதான் கொஞ்சம் மக்கர் பண்ணும், ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா எண்ணிக்கிடுங்க.

யூனிட்டுல சேர்ந்ததும் மெஸ்ஸுல வரவேற்பு விருந்து உண்டு, சீனியருக எல்லாம் புதுசா வாறவனை லேசா கலாய்ப்பாகன்னு நேத்து உன் ஆச்சிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தே. அவ பயந்துட்டா. நான் பயப்படல. நான் அந்த மெஸ்ஸுல தட்டு தூக்கிக்கிட்டுச் சுவரோரமா நின்ன ஆளு. மேஜையில இருக்கவனுக்கு எதிர்ல இருக்கவன் மூஞ்சிதான் தெரியும். தட்டு தூக்குறவனுக்கு மொத்த சபையும் தெரியும். யாரு மனசாரச் சிரிக்கான், யாரு சீனியர் மூஞ்சியைப் பாத்துட்டுச் சிரிக்கான்னு அங்கன நின்னாத்தான் புரியும்.

மெஸ் விருந்துன்னா சும்மாவா? எந்தக் கரண்டி எந்தப் பக்கம், எப்ப எழும்பணும், எப்ப குவளையைத் தூக்கணும், எல்லாத்துக்கும் ஒரு முறை. பெரியவுக எழும்புற வரைக்கும் சின்னவன் எழும்பக் கூடாது. சூப்புக்கு முன்னாடியே ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சவன் படுத பாட்டைச் சுவரோரமா நின்னு நான் நல்லா ரசிச்சிருக்கேன். இந்த முறையெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. அவன் ஊர் மெஸ்ஸுல சாப்பாடு முடிஞ்ச பொறகு கதையே வேற. சோபாவை ஓரங்கட்டிட்டு அறைக்குள்ளயே ரக்பி. மேஜையில பீரை ஊத்தி, கப்பல்ல விமானம் இறங்குத மாதிரி நெஞ்சால வழுக்கிக்கிட்டுப் போற ஆட்டம். விமானப் படையில பழைய பியானோவை முத்தத்துல வச்சுக் கொளுத்துறதும் ஒரு வழக்கம். பியானோ என்ன பண்ணும் பாவம், அது சத்தம் போட்டாலும் சங்கீதம்னு சொல்லிருவாக.

சரி, ஆபீசர் ஆயிட்டே. ஒரு நாள் நீயும் இப்படி ஒரு வேடிக்கையை நடத்தித்தானே தீரணும்? அதை அம்சமா நடத்தி, ஒருத்தனையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப என்னென்ன சாமான் வேணும்னு தாத்தன் பட்டியல் தாரேன். குறிச்சுக்கோ.

முதல் சாமான், சல்லிசான சரக்கு. நார்வேயில பார்டுபோஸ்னு ஒரு இடம். அங்கன 1988 ஜனவரியில பிரிட்டிஷ் கடற்படைக்காரங்க முகாம் போட்டிருந்தாங்க. வெளியில பனி, உள்ள அடிமாட்டு விலைக்குச் சரக்கு. ஒரு வீரருக்கு முப்பதாவது பிறந்த நாள், கூடவே பதவி உயர்வு. அந்த ராத்திரி மூணு கேன் சைடரும், பக்கார்டி ரம் டபுளா ஒன்பது தடவையும் உள்ள போயிருக்கு. அதுக்குக் கம்மியில்லைன்னு கோர்ட்டு எழுதி வச்சிருக்கு. மயங்கி விழுந்தாரு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல போட்டாக. பக்கத்துல ஒரு ஆள் உக்காரல, டாக்டருக்குச் சொல்லி விடல. வாந்தி தொண்டையை அடைச்சு மூச்சு நின்னு போச்சு.

அவர் பொண்டாட்டி கேஸ் போட்டா. 1995-ல மேல் கோர்ட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா? வளர்ந்த மனுசன் எம்புட்டு குடிக்கணும்னு அவன்தான் பாத்துக்கிடணும், அதுக்குக் கடற்படை பொறுப்பில்ல. ஆனா அவன் விழுந்து, நீ கையில தூக்குன நிமிஷத்துலேருந்து பொறுப்பு உன்னோடது. அந்தப் பொறுப்புல நீ தவறிட்டே. அப்படிச் சொல்லிட்டு, மூணுல ரெண்டு பங்கு தப்பை செத்தவர் கணக்குல எழுதிட்டு, மீதிக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னாக. ஊத்துறப்ப "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு சொன்னவுக பங்கு எந்தக் கணக்குலயும் வரல. அதனால நீ தைரியமா ஊத்திக் கொடுக்கலாம். விழுறவனைத் தூக்க மட்டும் கிட்டப் போயிராத, கணக்குல மாட்டிக்கிடுவே.

ரெண்டாவது சாமான், பாக்க வேண்டியவன் பாக்காத மாதிரி உக்காரதுக்கு ஒரு சீட்டு. இதுக்கு லாரியோட முன் சீட்டு ரொம்ப விசேஷம். இங்கிலாந்துல கிரெனடியர் கார்ட்ஸ்னு பேர் போன படை. அதுல ஒரு கம்பெனிக்காரங்களை போர்ட்ஸ்மவுத் ஊருக்கு ராத்திரி உல்லாசத்துக்கு அனுப்பினாக. கூட்டிட்டுப் போகவும் கொண்டாந்து விடவும் ராணுவ லாரி. திரும்பி வாறப்ப பின்னாடி பூராவும் நிறை போதை, ஒரே கூத்து. பொறுப்பு ஆளு முன்னாடி டிரைவர் பக்கத்துல. பின்னாடி கட்டுப்படுத்த ஒருத்தருமில்ல. ஒரு பையன் ஓடுற லாரியோட பின் கதவுல ஏறி, மேல தார்ப்பாய்க் கூரைக்குத் தாவப் பாத்தான். தார் ரோட்டுல விழுந்தான். பலத்த காயம்.

கீழ் கோர்ட்டு, "நீயா ஏறினே, நீயா விழுந்தே, போ"ன்னுட்டு. 2000-ல மேல் கோர்ட்டு வேற மாதிரி யோசிச்சுது. குடிக்கப் போற கூட்டம் குடிச்சுட்டுத்தான் வரும், குடிச்சவன் கோமாளித்தனம் பண்ணத்தான் செய்வான், இது தெரிஞ்சுதானே லாரியே ஏற்பாடு பண்ணுனீக? அப்ப பின்னாடி ஒரு பொறுப்பான ஆளைப் போட்டிருக்க வேண்டாமா? அப்படிக் கேட்டுட்டு, முக்கால் பங்கு தப்பு பையன் மேல, கால் பங்கு ராணுவத்து மேலன்னு தீர்ப்பு. கால் பங்குதானேன்னு இளக்காரமா நினைக்காதே. தானா ஏறித் தானா விழுந்தவன் விஷயத்துலயே கால் பங்கு. நீ ஏத்தி விட்டா எம்புட்டுன்னு கணக்குப் போட்டுக்கோ, நீதான் பட்டதாரியாச்சே.

மூணாவது சாமான் ரொம்ப ஒசத்தி, பாரம்பரியம். இதைத் தூவிட்டா எதுவும் செல்லும். அமெரிக்காவுல மரைன் படையில பாராசூட்டுல பத்து தடவை குதிச்சு முடிச்சவனுக்குத் தங்க நிறத்துல ஒரு இறக்கைச் சின்னம் கொடுப்பாக. பின்னாடி ரெண்டு ஊசி இருக்கும், சட்டையில குத்தி மாட்டுததுக்கு. அதைச் சட்டையோட நிறுத்துனா என்ன வீரம்? நெஞ்சுச் சதையிலயே குத்தணும், சீனியர்கள் வரிசையா வந்து முஷ்டியால ஒரு குத்து, உள்ளங்கையால ஒரு திருகு. வட கரோலினாவுல லெஜூன் முகாம்ல 1991-லயும் 1993-லயும் இப்படி நடந்ததை அவுகளே ஆசையா வீடியோ எடுத்து வச்சாக. 1997 ஜனவரியில அது டிவியில வந்துச்சு. சட்டையில ரத்தம், பையன் வலியில அலறுதான், சுத்தி நின்னு சிரிக்காக. புதுசா பதவி ஏத்திருந்த பாதுகாப்பு மந்திரி வில்லியம் கோஹன் பாத்துட்டு அருவருப்பா இருக்குன்னாரு.

அந்த வீடியோவை நினைச்சா எனக்கு ஒரு சந்தேகம் வரும். வானத்துலேருந்து பத்து தடவை குதிச்சவன் கோழையா? அவனால ஒரு "நிறுத்து" சொல்ல முடியலியே, ஏன்? குதிக்கப் பயப்படாதவன், கூட்டத்துலேருந்து தள்ளி வச்சிருவாகளோன்னு பயந்தான். நாளைக்கு அவனுக்கு லீவு எழுதுறவன், டூட்டி போடுறவன், பிரமோஷனுக்குச் சிபாரிசு பண்ணுதவன் எல்லாம் அந்த வரிசையிலதான் நிக்கான். அப்ப அந்தச் சிரிப்பும் ஒரு டூட்டி. "பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது"ம்பாக நம்ம ஊர்ல. பட்டாளத்துல எலியும் சேர்ந்து சிரிக்கணும் பாரு, அங்கனதான் அது நம்ம ஊரை மிஞ்சுது.

நாலாவது சாமான், உசுப்பேத்த நாலு பேரு. இது செலவில்லாத சாமான். டக்ளஸ் பேடர்னு பிரிட்டிஷ் விமானப் படையில ஒரு பையன், இருபத்தோரு வயசு, சாகசத்துல பேரெடுத்தவன். 1931 டிசம்பர் 14-ம் தேதி ரெடிங் ஊர்ப் பக்கம் உட்லி விமானத் திடலுக்கு, அங்கன இருந்த பறக்கும் சங்கத்துக்காரங்களைப் பாக்கப் போனான். உள்ள பேச்சு. தரையை ஒட்டிச் சாகசம் பண்ணிக் காட்டுன்னாக. அவன் ஓட்டிட்டு வந்தது புல்டாக், முன்னாடி பழகுன விமானம் மாதிரி அது வளைஞ்சு கொடுக்காது. அது அவனுக்கும் தெரியும். கிண்டல் விடுமா? ஏறினான். தரையை ஒட்டி உருட்டினான், இடது இறக்கை நுனி புல்லுல பட்டுது. வலது கால் முட்டுக்கு மேல, இடது கால் முட்டுக்குக் கீழ, ரெண்டையும் எடுத்தாக.

பேடர் பொறகு செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு நடந்தான், 1940-ல ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினான், 1956-ல அவன் கதையைச் சினிமாவாவே எடுத்தாக. அதைப் பாத்துட்டு, கால் போனாத்தான் ஆள் பெரியவனாவான்னு முடிவு கட்டிராதே. சினிமாவுல வந்தது ஒரு பேடர். வராதவுக கணக்கை எந்தக் கொட்டகையிலயும் ஓட்ட மாட்டாக. இதுல ஒண்ணு கவனி. உசுப்பேத்துன ஆள்கள் பேரை அந்தக் கதையில எவனும் கேக்கல. அவுக ரெண்டு கால்லயும் வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பாக. அதனால உனக்கு எந்தப் பக்கம் லாபம்னு யோசி. எப்பவும் கை தட்டுற பக்கமே நில்லு.

இந்த நாலு சாமானும் ஒரே இடத்துல சேர்ந்துட்டா என்ன ஆகும்? கனடாவுல ஏர்போர்ன் ரெஜிமென்ட்னு கெத்தான பாராசூட் படை ஒண்ணு இருந்துச்சு. சோமாலியாவுக்கு அமைதி காக்கப் போனப்ப, 1993-ல, அதுல இருந்த ஆட்கள் பதினாறு வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு வச்சு அடிச்சே கொன்னாக. அதுக்கு விசாரணை ஓடிக்கிட்டு இருக்கப்பவே, அந்தப் படையில புதுசா சேர்றவனை 'வரவேற்குற' வீடியோ 1995 ஜனவரியில டிவியில வந்துச்சு. தின்னக் கூடாததைத் தின்ன வைக்காக. கறுப்பின வீரர் ஒருத்தர் முதுகுல இனவெறி வாசகத்தை எழுதி நாலு கால்ல நடக்க விடுதாக. மந்திரி அந்த ரெஜிமென்டையே கலைச்சாரு. மார்ச்சுல கொடியை இறக்கிட்டாக. எதிரி ஒருத்தனும் சுடாமலே ஒரு ரெஜிமென்டு காலி.

வீடியோவைப் பாத்து வந்த கோவம் மட்டும் அதுக்குக் காரணமில்லடா. சொந்த ஆள் வலியில துடிக்கிறப்ப சிரிச்சுப் பழகுனவன், வெளி ஆள் துடிக்கிறப்ப நிறுத்துவானா? விருந்துல வளர்ந்த பழக்கம் முகாமுக்கும் கூடவே வருது.

"நம்ம பட்டாளத்துக்கு இதெல்லாம் எதுக்கு தாத்தா"ம்பே. உன் பொட்டியிலயே இருக்குல்லா, 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டம்? அதுல 47-வது பிரிவைப் பிரிச்சுப் பாரு. ரேங்க்குல கீழ இருக்கவனை அடிச்சாலோ கொடுமைப்படுத்தினாலோ ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். விளையாட்டுக்குப் பண்ணுனேன்னா கழிவு உண்டுன்னு அதுல ஒரு வரியும் இல்ல. அப்படியே 41-வது பிரிவையும் பாரு. மேலதிகாரி சொல்லைத் தட்டுறது குத்தம்தான். ஆனா 'சட்டப்படியான கட்டளை'ன்னு கவனமா எழுதி வச்சிருக்காக. சீனியர் ஒருத்தர் எரியுற சாராயத்தைக் குடிடான்னு சொன்னா, அது எந்தச் சட்டப்படின்னு மரியாதையா, அட்டென்ஷன்ல நின்னு கேளு. சார் போடாம கேட்டுராத, அது வேற பிரிவு.

எரியுற சாராயம்னு சொன்னேன்லா, அதுல ஒரு சூட்சுமம். அந்தத் தீ நீல நிறம், வெளிச்சத்துல கண்ணுக்கே அகப்படாது. அணைஞ்சுட்டுன்னு நினைச்சுப் பாட்டிலைச் சாய்ச்சா, தீ ஊத்துற வழியே ஏறி வந்து எதிர்ல இருக்கவன் மூஞ்சியில போய் நிக்கும். சுட்டுட்டா பேஸ்ட்டு, மை எல்லாம் அப்பாதே. குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. குடிச்சு மயங்குனவனை மல்லாக்கப் போடாதே, ஒருக்களிச்சுப் படுக்க வை, பக்கத்துல நிதானமா இருக்க ஆளை உக்கார வை, டாக்டரைக் கூப்பிடு. கேலியா இத்தனை சொன்ன கெழவன் இதை மட்டும் கேலியாச் சொல்லல.

ஆபீசர்ங்கிறது பெரிய படிப்பு படிச்ச உத்தியோகம்னு உன் ஆச்சி தெருவெல்லாம் சொல்லிட்டு வாறா. தட்டு தூக்குனவன் கண்ணுக்கு அதுல பாதி உத்தியோகம் ஒண்ணே ஒண்ணுதான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கப்ப "போதும்"னு சொல்லுதவன். ஜவான் சொன்னா அவனைப் பயந்தாங்கொள்ளிம்பாக. வாயைத் திறந்தும் மரியாதை போகாத இடத்துல நிக்கத்தான் உன் தோள்ல அந்த ரெண்டு நட்சத்திரம்.

எது வேடிக்கை, எது வினைன்னு அந்த நேரத்துல குழப்பமா இருந்தா சுலபமா ஒரு பரிசோதனை இருக்கு. அந்த ஆட்டத்தை அப்படியே தலைகீழாத் திருப்பிப் பாரு. கடைசி ரேங்க்குல இருக்கவன் அதே ஆட்டத்தைக் கமாண்டிங் ஆபீசர் மேல ஆட முடியுமா? ஆடுனா அவரும் சிரிப்பாரா? சிரிப்பாருன்னா அது வேடிக்கை, தாராளமா நடத்து. எனக்கு இதுல சந்தேகம் இருக்கு தாத்தான்னு தோணுச்சுன்னா, நீயே முதல்ல கர்னல் நெஞ்சுல ஒரு ஊசியைக் குத்திப் பாத்துரு. குத்திட்டு எந்த ஜெயில்ல இருக்கேன்னு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. உன் ஆச்சி முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புவா.