கேட்டவனுக்கே கிரீடம்

‘பொன்னியின் செல்வன்’ பேச்சு வந்தால், புத்தகத்துக்கு ஈடு உண்டா என்று ஒரு காலத்தில் சண்டைக்கே நின்றவன் நான். இன்று மணிரத்னம் எடுத்த படத்தின் பக்கம் நிற்கிறேன், முக்கியமாக 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தின் பக்கம்.

அன்று வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு அந்தப் புத்தகம் எட்டாத பொருள். அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி. 1950-லிருந்து 1954 வரை கல்கி வாராவாரம் எழுதிய கதையை யாரோ பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். மில் சிநேகிதர் ஒருவர் மூலம் அது வீட்டுக்கு வந்தது. மணியம் வரைந்த ஓவியங்கள் மேல் எண்ணெய்க் கறை, நடுநடுவே பக்கங்கள் இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து மறுநாள் குழம்புக்குப் பூண்டு உரிப்பாள், நான் வாசிப்பேன். கல்கி கதையை நிறுத்திச் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தால் பொறுக்க மாட்டாள். “அத்தத் தள்ளுடா. வந்தியத்தேவன் இன்னா ஆனான்?”

கடம்பூர் மாளிகையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் குத்துப்பட்டு விழுந்த இடம் வந்தபோது பூண்டு உரிப்பது நின்றது. “யார்றா குத்தனது?” கல்கி அந்த இருட்டை இருட்டாகவே விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் இருக்கின்றன. அதைச் சொல்லியும் அம்மா சமாதானமாகவில்லை. அவளுக்குக் கொலைகாரன் பெயரைவிட, கரிகாலன் ஏன் சாகிறதுக்கென்றே அங்கே போனான் என்பதுதான் கேள்வி.

எம்.ஜி.ஆர். 1958-ல் இந்தக் கதையைப் படமாக எடுப்பதாக அறிவித்தார், கைகூடாமல் போனது. தலைவர் நடித்திருந்தால் நன்றாகப் புரிந்திருக்கும் என்பது அம்மாவின் தீராத குறை.

பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. நாங்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்த தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரும் 2020-ல் போய்விட்டது. படம் வந்தபோது அம்மாவை மல்டிபிளெக்ஸுக்குத்தான் அழைத்துப் போனேன்.

இரண்டாம் பாகம் கரிகாலனும் நந்தினியும் சிறுபிராயத்தில் பழகுவதில் தொடங்குகிறது. பேச்சே கிடையாது. நாவலில் இந்தக் காதலை கரிகாலன் பார்த்திபேந்திரனிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் நாம் அறிகிறோம். படத்தில் கண்ணால் பார்த்துவிடுகிறோம். அதனால் கடம்பூர் அறையில் கரிகாலனாக விக்ரமும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிற்கும்போது, அவன் ஏன் வந்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

புத்தகப் பிரியர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: முடிவும் படத்தில்தான் கனமானது. நாவலில் கரிகாலனின் தம்பி அருள்மொழி விட்டுக்கொடுக்கும் கிரீடம் சேந்தன் அமுதனுக்குப் போகிறது. பூக்கட்டும் சாதுவான பிள்ளை, பிறந்தபோது இடம் மாறிப்போன அவன்தான் உண்மையான வாரிசு என்று தெரிய வருகிறது. நல்லவனுக்கு நல்லவன் கொடுப்பதில் மனசுக்கு என்ன சிரமம்? படம் அந்தக் குழந்தை மாறாட்டத்தையே எடுத்துவிட்டது. அரியணை எனக்கு என்று கேட்டு, பகைவரோடு சேர்ந்து நின்ற மதுராந்தகன் தலையிலேயே அருள்மொழி கிரீடத்தை வைக்கிறார். சரித்திரத்தில் இந்த மதுராந்தகன் உத்தம சோழனாக 985 வரை ஆண்ட பிறகே அருள்மொழி ராஜராஜனாகப் பட்டத்துக்கு வருகிறார். அத்தனை வருஷப் பொறுமையின் பாரம் இந்த ஒரு காட்சியில்தான் எனக்கு உறைத்தது.

நாவலில் வரும் மணிமேகலையைப் படம் விட்டுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. பூங்குழலிக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அம்மாவுக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் மதுராந்தகனைத் திட்ட ஆரம்பித்தவள், எருக்கஞ்சேரி ரோடு வரை நிறுத்தவில்லை.