முப்பது கார்டும் வழிநூல் மரபும்: டெக் கட்டுவோர்க்கு ஓர் இலக்கண முன்னுரை

நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்பது நன்னூல் படித்தோர் அறிந்தது. ஆட்டக்காரர் கட்டிக்கொள்ளும் சீட்டுக்கட்டுகளான டெக்குகளும் அவ்வாறே என்று முதன்முதலில் நிறுவியவர் இக்கட்டுரையாளர் (காண்க: இக்கட்டுரை, முதல் பத்தி, இந்த வாக்கியம்).

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம், பிளிசார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் என்னும் டிஜிட்டல் சீட்டாட்டம். டெக்குக்கு 30 கார்டு. ஒரே கார்டு இரண்டுக்கு மேல் கூடாது. அரிய வகையான லெஜண்டரி என்றால் ஒன்றே ஒன்று. 2022-இல் ரெனதால் என்ற இளவரசர் கார்டாக வந்து, தன்னைச் சேர்த்துக்கொண்டால் 40 கார்டு வைக்கலாம் என்றார். கொள்கைக்கு ஒத்துவராத சான்றை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டு மேலே செல்வதே நம் ஆய்வு மரபு. தள்ளியாயிற்று.

முதல் டெக் என்பது தொடக்கநிலையாளர் தம் சொந்த மூளையைக் கொண்டு கட்டுவது. கையிலிருப்பதில் பெரிய உருவம், பெரிய எண், பெரிய விலை எதற்கோ அதற்கே அதில் இடம். ஆனால் கார்டை இறக்கச் செலவிடும் மானா முதல் டர்னில் ஒன்று; டர்னுக்கு ஒன்றாக ஏறிப் பத்தில் நிற்கும். எட்டு மானா டிராகன்களாகவே அடுக்கியவர் எட்டாம் டர்ன் வரை கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பார்த்து நிற்பவர் போல நிற்பார். எதிராளி அதற்குள் சாப்பிட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

இதற்கு மருந்து மானா வளைவு: மலிவான கார்டு நிறைய, விலை ஏற ஏறக் குறைவாக. இந்த ஞானம் மேஜிக் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. அங்கே ஜே ஷ்னைடர் என்பவர் வகுத்த டெக்கை 1996-இல் பால் ஸ்லை என்பவர் போட்டியில் ஆடினார். டெக்குக்கு நிலைத்த பெயர் 'ஸ்லை'. உழைத்தவர் ஒருவர், அட்டையில் பெயர் இன்னொருவருடையது. பல்கலைக்கழகத் துறைகளில் பணிபுரிந்தோர்க்கு இதற்கு உரை தேவைப்படாது.

வழி டெக்கே இவ்வாய்வின் உயிர். வென்றவரின் டெக் குறியீட்டை நகலெடுத்துக்கொண்டு போனால், ஆட்டமே அந்த 30 கார்டையும் அடுக்கித் தந்துவிடும். அப்படியே ஆடினால் குற்றமில்லை. கற்றுக்கொள்ளச் சிறந்த வழியும் அதுதான். ஆனால் மனம் ஒப்பாது. இரண்டு கார்டை மாற்றி, டெக்குக்குத் தன் பெயர் வைத்தால்தான் தூக்கம் வரும். நன்றியுரையையும் வழிகாட்டியின் பெயரையும் மட்டும் மாற்றி முனைவர் ஆனோரின் ஏடுகளோடு ஒப்பிடுகையில் இரண்டு கார்டு என்பது கடும் உழைப்பு (காண்க: கட்டுரையாளரின் நோட்டு, கடைசிப் பக்கம், பால் கணக்குக்குக் கீழே).

அந்த இரண்டில் விபரீதம் ஒளிந்திருக்கும். ரெனோ ஜாக்சன் 2015 நவம்பரில் வந்த லெஜண்டரி, ஆறு மானா. டெக்கில் ஒரே கார்டு இருமுறை இல்லையென்றால் நாயகனின் உயிரை முழுதாக மீட்பார். அவருக்காகவே முப்பதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒருவர் கட்டியிருப்பார். வழி டெக்காரர் அதை எடுத்து, தமக்குப் பிடித்த கார்டில் இன்னொன்றையும் 'செம்மைப்படுத்தி'ச் சேர்ப்பார். அப்புறம் ரெனோ வருவார், நிற்பார், வைத்தியம் மட்டும் பார்க்கமாட்டார். மூலத்தில் இருந்த அச்சுப்பிழையை விட்டுவிட்டு, சரியான சொல்லைத் திருத்தும் பதிப்பாசிரியர்களை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

சார்பு டெக்: இரண்டு டெக்குகளிலிருந்து பாதிப் பாதி. தோற்கும்.

வழி டெக்கில் கார்டை மாற்றுவதற்கு நேர்மையான காரணமும் ஒன்று உண்டு: அதிலுள்ள லெஜண்டரி கையில் இல்லை. செய்துகொள்ள 1600 டஸ்ட் (கார்டை உடைத்தால் வரும் தூள்) வேண்டும்; சாதாரண கார்டை உடைத்தால் 5 கிடைக்கும். ஆக, 320 சாதாரணர்களைப் பலிகொடுத்தால் ஒரு மகான் பிறப்பார். அவரைக் கண்ணால் காண்பது வேறு விஷயம். முதலில் ஆடுபவர் தொடக்கத்தில் மூன்று, டர்னுக்கு ஒன்று எனப் பத்தாம் டர்னுக்குள் 13 கார்டு பார்ப்பார். தொடக்கக் கார்டுகளை மாற்றாவிட்டால் அந்த ஒன்று வந்திருக்க வாய்ப்பு முப்பதில் 13, அதாவது 43 விழுக்காடு (காண்க: மேற்படி நோட்டு, மழையில் நனைந்து உலர்ந்த பிரதி, அட்டையின் உட்புறம், '13' என்பதை '18' எனப் பாடங்கொள்வாரும் உளர், அது கொசு).

ஆய்வை முடிக்குமுன் கட்டுரையாளர் தம் லெஜண்டரியோடு களம் இறங்கிப் பார்த்தார். பத்தாம் டர்னில் ஆட்டம் முடிந்தது. டெக்கில் 17 கார்டு மீதி. மகான் அங்கேதான் இருந்தார். அவரை உடைத்தால் திரும்பக் கிடைப்பது 400 டஸ்ட்.