ஏற்காட்டு விடுதிப் பெற்றோரும் டீபக்கரின் காத்திருப்பும்: ஓர் ஒப்பாய்வு

பிள்ளையை மலைமேல் விடுதியில் சேர்த்துவிட்டு அடிவாரத்தில் இருப்பவர் உண்மையில் எதற்காகக் காத்திருக்கிறார்? இந்தக் கேள்வியைக் கல்வியியலார் கைவிட்டார்கள். கணிப்பொறியியலார் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளி தொடங்கியது 1917இல். ஓடும் நிரலைப் பிராசஸ் என்பர். சைல்ட் பிராசஸ் முடியும்வரை அதை உருவாக்கிய பேரண்ட் பிராசஸை நிறுத்திவைக்கும் 'வெயிட்' என்ற அழைப்பு, பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் வந்தது 1971இல். இடைவெளி 54 ஆண்டு. மூத்தது எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இவ்வாய்வின் துணிபு அதைவிடக் குறுகியது. பெற்றவர் காத்திருப்பது பிள்ளையின் நிலையை அறிய அன்று, நிலைமாற்றத்தை அறிய. அந்த மாற்றமும் முதலில் போய்ச் சேருவது வார்டனிடம்.

சான்றுகளைப் பார்ப்போம். வெயிட் கொண்டுவரும் செய்திகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: தானாக முடிந்தது, சிக்னல் என்ற குறுக்கீட்டுச் செய்தி பட்டு முடிந்தது, நின்றது, மீண்டும் ஓடத் தொடங்கியது. சளி விட்டதா, பக்கத்துக் கட்டில்காரனோடு சமாதானமா என்பதற்கெல்லாம் அதில் இடமே கிடையாது. தானாக முடிந்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். 0 என்றால் சுகம். சுகத்துக்கு ஒரே எண், கோளாறுக்கு 255 எண்கள். விடுதிக் கடிதத்தின் 'நான் நலம்' அந்தப் பூஜ்யத்தின் உரைநடை வடிவமே. இனி வார்டன், அதாவது நிரலில் பிழை தேடும் டீபக்கர். 1975இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்போடு 'பி-டிரேஸ்' என்ற அழைப்பு வந்தது. ஜி.டி.பி. போன்ற டீபக்கர் இதைக் கொண்டு ஒரு பிராசஸைப் பிடித்துக்கொண்டால், அதற்கு வரும் சிக்னல் அதன் கைக்குப் போகாது. பிராசஸ் அப்படியே நிற்கும், வெயிட்டில் காத்திருக்கும் டீபக்கருக்குத் தகவல் போகும். டீபக்கர் மனம் வைத்தால் சிக்னலை உள்ளே விடலாம். விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல், 'ஓடு' என்றும் சொல்லலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த முறுக்கு டப்பா வார்டன் மேசையில் தங்கிவிடுவதன் இலக்கணம் இதுவே. லினக்ஸில் பெற்ற பிராசஸின் கதி இன்னும் பரிதாபம்: சைல்ட் முடிந்த செய்தியைக்கூட டீபக்கர் வாங்கிய பிறகுதான் அது வாங்க முடியும். இத்தனைக்கும், 'உன்னைப் பெற்றது யார்' என்று சைல்டைக் கேட்டால் பழைய பேரண்டின் எண்ணைத்தான் சொல்லும். டீபக்கருக்கும் கட்டுப்படாதது, பிராசஸை அங்கேயே முடித்துவிடும் 'சிக்-கில்' சிக்னல் ஒன்று. மலையில் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரின் மழை விடுமுறை அறிவிப்புக்கு உண்டு. அதை வார்டனும் தடுக்க முடியாது, பிள்ளையும் தடுக்க முடியாது. பிள்ளை தடுக்க முயன்றதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

கைபேசி வந்தபின் காத்திருப்பே ஒழிந்தது என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. காத்திராமல் கேட்டுப் பார்க்கும் வசதி வெயிட்டின் விரிந்த வடிவமான 'வெயிட்பிஐடி'யிலேயே 'நோஹேங்' என்ற பெயரில் இருக்கிறது. மாற்றம் இல்லையெனில் உடனே 0 என்று திரும்பிவிடும். பத்து முறை கேட்டால் பத்துப் பூஜ்யம். இது முன்சொன்ன சுகப் பூஜ்யம் அன்று. சொல்ல ஒன்றுமில்லை என்ற பூஜ்யம். இரண்டையும் ஒன்றாக எண்ணி நிம்மதி அடையும் பெற்றோரே பெரும்பான்மை. அழைப்பு வரட்டும், அப்போது பார்ப்போம் என்று இருக்கவும் வழியில்லை. பல சைல்டுகள் அடுத்தடுத்து மாறினாலும் பேரண்டுக்கு அதைச் சொல்ல நிலுவையில் நிற்பது ஒரே ஒரு 'சிக்-சைல்ட்' சிக்னல்தான். ஆகவே விவரமறிந்த நிரலர் ஒரு சிக்னல் வந்தால், இனி எவரும் பாக்கியில்லை என்று தெரியும்வரை சுற்றிச்சுற்றிக் கேட்பார். மூன்று பிள்ளைகளை மலையேற்றியவர் ஒரு மிஸ்டு கால் பார்த்தாலும் மூவரையும் விசாரிக்க வேண்டும்.

அற்றேல், கேட்காமலே இருந்துவிட்டால் என்ன? முடிந்த பிள்ளை தானே இறங்கி வராதோ எனின், வராது. முடிந்தும் பெற்றவர் கேட்டு வாங்காத பிராசஸை ஜோம்பி என்பர். அது நினைவகத்தில் இடம் பிடிக்காது, வேலை செய்யாது, கொன்றாலும் சாகாது. பட்டியலில் ஒரு வரியை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் டி.சி. வாங்கப்படாத மாணவருக்கு மெஸ்ஸில் தட்டு இல்லை, கட்டில் இல்லை, பதிவேட்டில் பெயர் மட்டும் உண்டு. சைல்டுக்கு முன்பே பேரண்ட் முடிந்துவிட்டால், வழக்கமாக 1ஆம் எண் பிராசஸான 'இனிட்' அதைத் தத்தெடுத்து, முடிந்ததும் முறையாக வாங்கிக்கொள்ளும். பெற்றோர் துபாய்க்குப் போய்விட்டால் விண்ணப்பப் படிவத்தின் லோக்கல் கார்டியன் கட்டத்தில் இருக்கும் சேலத்து மாமா செய்வதும் இதுவே. ஆனால் மாமாவிடம் டி.சி. கொடுக்க அத்தாட்சிக் கடிதம் கேட்பார்கள். இனிட்டிடம் எவரும் கேட்பதில்லை. ஒப்புமை முறியும் இடம் இது ஒன்றே. அதுவும் பள்ளி அலுவலகத்தின் வழக்கமே ஒழிய, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் குறை ஆகாது.